காலேஜ் டீமில் ஆடியவர் ஏடிபி டூருக்கு எப்படி வருகிறார்?

2025 அக்டோபரில் ஷாங்காய் மாஸ்டர்ஸ் இறுதிப் போட்டியில் மோதிய இருவரின் பெயரும் டென்னிஸை விடாமல் பார்ப்பவர்களுக்கே கொஞ்சம் புதிது. ஒருவர் மொனாக்கோக்காரர் வாலன்டின் வாஷெரோ. தரவரிசையில் 204-ஆம் இடத்தில் இருந்தவர், தகுதிச் சுற்றில்கூட முதலில் இடம் கிடைக்காமல், யாராவது விலகினால் ஆடலாம் என்று காத்திருப்புப் பட்டியலில் நின்றவர். மற்றவர் பிரான்ஸின் ஆர்தர் ரிண்டர்க்னெஷ். இருவரும் கசின்கள். வாஷெரோ அரையிறுதியில் ஜோகோவிச்சைத் தோற்கடித்து, இறுதிப் போட்டியில் முதல் செட்டை விட்டுவிட்டு, அப்புறம் 4-6, 6-3, 6-3 என்று ஜெயித்துவிட்டார். கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த படியில் உள்ள இந்த மாஸ்டர்ஸ் 1000 ரகப் போட்டியை அவ்வளவு கீழே இருந்து வந்து வென்றவர் அதற்கு முன் யாருமில்லை.

அந்த இருவருக்கும் சொந்தபந்தம் தவிர இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இருவரும் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்காக டென்னிஸ் ஆடியவர்கள். மாஸ்டர்ஸ் 1000 இறுதிப் போட்டியில் ஒரே காலேஜின் பழைய மாணவர்கள் இருவர். நம் ஊரில் காலேஜ் விளையாட்டு என்றால் ஸ்போர்ட்ஸ் டே, இன்டர்-யுனிவர்சிட்டி போட்டி, ஆன் டியூட்டி கேட்டு ஒரு லெட்டர், அவ்வளவுதான். அதனால் ‘காலேஜில் ஆடியவர்’ என்று கேட்டதும் ‘சரி, பொழுதுபோக்குக்கு ஆடியிருப்பார்’ என்று தோன்றும். அமெரிக்கக் கதை வேறு, அதைத்தான் அடிப்படையில் இருந்து பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது கிட்டத்தட்ட ஒரு தனித் தொழில். அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து ஆட்டங்களுக்கு டிவி உரிமை, டிக்கெட், நன்கொடை என்று பணம் கொட்டுகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் தனக்கென்று வருமானம் இல்லாத டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் மாதிரி ஆட்டங்களைத் தாங்குகிறது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் டென்னிஸ் டீமுக்கு முழுநேர கோச், துணை கோச், உடற்பயிற்சிக்கு ஒருவர், பிசியோ, உள்ளரங்க மைதானம், விமானச் செலவு எல்லாம் இருக்கும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் உச்சப் பிரிவு டிவிஷன் 1. டூருக்கு, அதாவது ஏடிபி மாதிரி அமைப்புகள் ஊர் ஊராக நடத்தும் தொழில்முறைப் போட்டிகளுக்கு, காலேஜில் இருந்து வரும் ஆட்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறவர்கள்தான்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பல ஆண்டுகளாக டிவிஷன் 1-இல் ஆண்கள் டென்னிஸ் டீம் ஒன்றுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான். அதை எட்டு, ஒன்பது பேருக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கு முழுசாக, இன்னொருவருக்குப் பாதி, மூன்றாமவருக்குப் புத்தகச் செலவு என்று. பெண்கள் டீமுக்கோ எட்டு முழு ஸ்காலர்ஷிப். ஆண்-பெண் இருபாலருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆண்கள் ஃபுட்பால் டீம் மட்டுமே 85 ஸ்காலர்ஷிப்பை விழுங்கிவிடுகிறது, அதைச் சரிக்கட்ட மற்ற ஆட்டங்களில் பெண்களுக்குக் கூடுதலாக வைத்தார்கள். 2025-26 முதல் நீதிமன்ற உடன்பாடு ஒன்றின் விளைவாக இந்தக் கணக்கு மாறிவிட்டது. உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் டீமில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று மட்டும் வரம்பு உண்டு. டென்னிஸுக்கு அது 10. அந்தப் பத்துப் பேருக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப் கொடுப்பது என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

சரி, ஆட்டம் எப்படி இருக்கும்?

டென்னிஸ் தனி ஆளின் ஆட்டம் என்பதை மறந்துவிட வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதும்போது மொத்தம் ஏழு புள்ளிகள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை ஜெயிக்கும் டீமுக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எந்த டீம் முதலில் நான்கைத் தொடுகிறதோ அது ஜெயித்தது, மிச்சமிருக்கும் ஆட்டங்களைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அதாவது மூன்றாவது செட்டில் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் ஆட்டம், ஐந்து கோர்ட் தள்ளி யாரோ ஜெயித்ததால் முடிவில்லாமல் நின்றுபோகும்.

40-40 என்று டியூஸ் வந்தால் அட்வான்டேஜ் கிடையாது. ஒரே ஒரு பாயின்ட், அதை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு அந்த கேம். ஆண்கள் பிரிவில் சர்வ் வலையில் உரசி உள்ளே விழுந்தால் ‘லெட்’ சொல்லித் திரும்பப் போடுவதும் கிடையாது, பந்து விழுந்த இடத்திலிருந்து ஆட வேண்டியதுதான். இதைவிடப் பெரிய வித்தியாசம் சத்தம். விம்பிள்டனில் யாராவது இருமினால்கூட நடுவர் பார்ப்பார். காலேஜ் ஆட்டத்தில் கூட்டம் கத்தும், பக்கத்துக் கோர்ட்டில் இருந்து சக ஆட்டக்காரன் கத்துவான், எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டால் கைதட்டல் விழும். கோச் கோர்ட் ஓரத்திலேயே நின்று யோசனை சொல்வார். டூரின் அமைதிக்குப் பழகியவர்களுக்கு இது சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆனால் 3-3 என்று இருக்கும்போது கடைசியாக ஆடிக்கொண்டிருப்பது நீ மட்டும்தான், உன் மொத்த டீமும் உன் வேலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறது என்ற நிலைமையை இருபது வயதுக்குள் பல தடவை அனுபவித்தவனுக்கு, பின்னால் எந்தப் பெரிய மைதானமும் அவ்வளவு பயமாக இருக்காது. காலேஜில் இருந்து வந்த அமெரிக்கர் பென் ஷெல்டன் நெருக்கடியில் கூட்டத்தோடு சேர்ந்து குதிப்பதைப் பார்த்தால் அது எங்கே கற்ற பழக்கம் என்று புரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. டென்னிஸில் பெரிய ஆளாக வர நினைக்கும் 18 வயதுப் பையன் நேராக டூருக்குப் போகாமல் ஏன் காலேஜுக்குப் போகிறான்? இதற்கான பதில் டென்னிஸ் நுணுக்கத்தில் இருப்பதைவிட வரவு செலவுக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொழில்முறை டென்னிஸின் அடிமட்டம் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. நாம் டிவியில் பார்ப்பது மேல்மாடி. அதற்குக் கீழே சாலஞ்சர் போட்டிகள். அதற்கும் கீழே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் எம்15, எம்25 என்ற போட்டிகள். எம்15 என்றால் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர், அதுவும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும், ஒற்றையர் இரட்டையர் இரண்டுக்கும் சேர்த்து. ஒரு வாரம் முழுக்க ஆடி, ஒற்றையர் கோப்பையை ஜெயிப்பவருக்குக் கிடைப்பது 2,160 டாலர். ஜெயிப்பவருக்கே இவ்வளவுதான் என்றால் முதல் சுற்றில் தோற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துனிசியாவிலோ துருக்கியிலோ நடக்கும் அந்தப் போட்டிக்கு விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் சொந்தப் பணம். கோச்சைக் கூட்டிப் போனால் செலவு இரண்டு மடங்கு. இந்த மட்டத்தில் மூன்று நான்கு வருஷம் ஓட வேண்டியிருக்கலாம், அதற்குப் பிறகும் முதல் 200-க்குள் வருவதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

அதே மூன்று நான்கு வருஷத்தை ஒரு நல்ல காலேஜ் டீமில் கழித்தால்? கோச் இலவசம், பிசியோ இலவசம், பயணம் இலவசம், தினமும் பயிற்சிக்கு எதிரே நிற்க நல்ல ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். காயம் பட்டால் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தோற்றாலும் அடுத்த வாரம் எங்கே தங்குவது என்ற கவலை இல்லை. கடைசியில் கையில் ஒரு டிகிரியும் இருக்கும். 18 வயதில் ஒல்லிக்குச்சியாக இருந்தவன் 22 வயதில் முழு உடம்போடு டூருக்குப் போவான். பணக்கார டென்னிஸ் சங்கம் உள்ள நாட்டில் பிறந்தவனுக்கோ, பதினைந்து வயதிலேயே ஸ்பான்சர் பிடித்துவிட்டவனுக்கோ இது தேவைப்படாது. மற்றவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்றே சொல்வேன். வாஷெரோவின் மொனாக்கோ, ரிண்டர்க்னெஷின் பிரான்ஸ், நியூசிலாந்தில் வளர்ந்து பிரிட்டனுக்காக ஆடும் கேமரன் நோரி, போர்ச்சுகலின் நூனோ போர்ஜஸ், கனடாவின் கேப்ரியல் டியாலோ என்று பல நாட்டுக்காரர்கள் அமெரிக்கக் காலேஜ்களைத் தேடி வருவதற்கு இதுதான் காரணம். நோரி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2021-இல் இந்தியன் வெல்ஸ் கோப்பையை ஜெயித்து அடுத்த வருஷம் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆடிய போர்ஜஸ் 2024-இல் சுவீடனின் போஸ்டாட் போட்டியில் இறுதிச் சுற்றில் நடாலையே வீழ்த்தினார்.

இது புதுசா, பழசா?

ரொம்பப் பழசு. ஒரு காலத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் என்றால் காலேஜ் வழியாக வருவதுதான் வழக்கம். ஆர்தர் ஆஷ் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்து 1965-இல் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றவர். ஜிம்மி கானர்ஸும் அதே யூசிஎல்ஏ, 1971-இல் முதலாம் ஆண்டு மாணவராகவே அந்தப் பட்டத்தை வென்றார். 1975 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் இவர்கள் இருவரும்தான் மோதினார்கள், ஆஷ் ஜெயித்தார். ஷாங்காய்க்கு ஐம்பது வருஷம் முன்பே ஒரே காலேஜ்காரர்கள் பெரிய இறுதிப் போட்டியில் மோதிய கதை இது. ஜான் மெக்கன்ரோவின் கதை இன்னும் விசித்திரம். 1977-இல் தகுதிச் சுற்றில் இருந்து வந்து விம்பிள்டன் அரையிறுதி வரை போய்விட்டார், வயது 18. இன்றைக்கு என்றால் ஏஜென்டுகள் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். அவர் அதற்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, ஒரு வருஷம் ஆடி, 1978-இல் என்சிஏஏ பட்டத்தை ஜெயித்துவிட்டு அப்புறம்தான் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

எண்பதுகளில் காற்று திசை மாறியது. 1985-இல் போரிஸ் பெக்கர் 17 வயதில் விம்பிள்டன் ஜெயித்தார். 1989-இல் மைக்கேல் சாங் அதே 17 வயதில் பிரெஞ்சு ஓபன் ஜெயித்தார். அகாசி, சாம்ப்ராஸ், கூரியர் எல்லாரும் பள்ளி வயதிலேயே டூருக்கு வந்தவர்கள். ‘காலேஜுக்குப் போனால் ஆட்டம் போச்சு’ என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. முதல் தரத்தில் வர முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் காலேஜ் என்று கோச்சுகளே பேச ஆரம்பித்தார்கள்.

அந்தப் பேச்சை அசைத்ததில் 2007-ஆம் ஆண்டு மாணவர் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த வருஷம் என்சிஏஏ ஒற்றையர் இறுதிப் போட்டி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஜார்ஜியாவின் ஜான் இஸ்னர், 6 அடி 10 அங்குல உயரம், அவர் சர்வ் போட்டால் பந்து மாடியில் இருந்து இறங்கும். எதிரே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சோம்தேவ் தேவ்வர்மன், குவாஹாட்டியில் பிறந்து சிறு வயதில் சென்னையிலும் வளர்ந்தவர். சுற்றிலும் முழுக்க இஸ்னருக்கான கூட்டம். மூன்றாவது செட் டைபிரேக்கில் சோம்தேவ் ஜெயித்தார். 2006-இல் இறுதிப் போட்டியில் தோற்றவர், 2007-இல் ஜெயித்து 2008-இல் மறுபடி ஜெயித்தார். தொடர்ந்து மூன்று வருஷம் இறுதிப் போட்டி. அடுத்த ஜனவரியில், 2009-இல், சென்னை ஓபனுக்கு வைல்ட் கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு இடத்தில் வந்து கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் தோற்கடித்து இறுதிப் போட்டி வரை போய் மரின் சிலிச்சிடம் தோற்றார். நுங்கம்பாக்கத்தில் அந்த வாரம் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும், வர்ஜீனியாவில் ஆடிய சனம் சிங்கோடு சேர்ந்து இரட்டையர் தங்கமும் வாங்கினார். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 62.

தோற்ற இஸ்னர் என்ன ஆனார்? காலேஜில் நான்கு வருஷத்தையும் முழுசாக முடித்துவிட்டு வெளியே வந்தவர், சில வாரங்களிலேயே வாஷிங்டன் ஏடிபி போட்டியில் வைல்ட் கார்டில் நுழைந்து, சுற்றுக்குச் சுற்று மூன்றாவது செட் டைபிரேக்காக ஜெயித்து, இறுதிப் போட்டியில் ஆண்டி ராடிக்கிடம் தோற்றார். பிறகு உலகத் தரவரிசையில் 8 வரை போனார். 2010 விம்பிள்டனில் நிக்கோலா மஹூவோடு 11 மணி 5 நிமிஷம், கடைசி செட் 70-68 என்று ஆடியவரும் இவர்தான்.

அதே காலத்தில் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் தென்னாப்பிரிக்காவின் கெவின் ஆண்டர்சன். இவரும் இஸ்னரும் 2018 விம்பிள்டன் அரையிறுதியில் மோதினார்கள். 6 மணி 36 நிமிஷம் நடந்து, ஐந்தாவது செட் 26-24 என்று ஆண்டர்சன் பக்கம் முடிந்தது. அடுத்த வருஷமே விம்பிள்டனில் கடைசி செட்டுக்கும் 12-12-இல் டைபிரேக் என்ற விதி வந்தது. ஆண்டர்சன் 2017 யூஎஸ் ஓபன், 2018 விம்பிள்டன் என்று இரண்டு கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகள் ஆடி, இரண்டிலும் தோற்றார், முதலில் நடாலிடம், அப்புறம் ஜோகோவிச்சிடம். இந்த இருவருக்கும் பிறகு ‘காலேஜ் என்றால் இரண்டாம் தரம்’ என்று பேசுவது கஷ்டமாகிவிட்டது. டூரே முதிர்ச்சியான உடம்பைக் கேட்கும் ஆட்டமாக மாறியதும் உதவியது. முப்பது வயதைத் தாண்டியும் முதல் பத்தில் நிற்பது சாதாரணமாகிவிட்ட காலத்தில், 22 வயதில் டூருக்கு வருவது தாமதம் இல்லை.

பெண்கள் பக்கம் இந்த மாற்றம் வர இன்னும் நேரமானது. பெண்கள் பதினாறு, பதினேழு வயதிலேயே டூரில் ஜெயித்த உதாரணங்கள் நிறைய இருந்ததால், 22 வயது வரை காத்திருப்பது தற்கொலை என்றே நினைத்தார்கள். டேனியல் காலின்ஸ் அதைப் பொய்யாக்கினார். ஃபுளோரிடாவில் பொது மைதானங்களில் ஆடி வளர்ந்தவர், அப்பா தோட்ட வேலை செய்பவர். வர்ஜீனியாவுக்காக 2014, 2016 இரண்டு வருஷமும் என்சிஏஏ பட்டம் வென்று, படிப்பை முடித்து, 2019 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி, 2022-இல் அதே போட்டியில் இறுதி ஆட்டம் என்று போனார். அங்கே ஆஷ் பார்ட்டியிடம் தோற்றார். 2024-இல் மயாமி பட்டத்தை ஜெயித்தார். யூசிஎல்ஏ-வின் ஜெனிஃபர் பிரேடி 2021 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டி ஆடியவர்.

அப்புறம் எம்மா நவாரோ. இவர் என் பணக் கணக்கு வாதத்தைக் கொஞ்சம் கெடுக்கிறார், ஏனென்றால் அவருடைய அப்பா பெரும் கோடீஸ்வரர், எம்15 வகையறா செலவெல்லாம் அவர்களுக்குத் தூசு. ஆனாலும் வர்ஜீனியாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆடி, 2021-இல் என்சிஏஏ பட்டம் வென்று, 2024-இல் யூஎஸ் ஓபன் அரையிறுதி வரை வந்தார். பணம் இருந்தும் போகிறார்கள் என்றால், டீமோடு வாழ்வதில், ஜெயிக்கும் பழக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரட்டையர் ஆட்டத்தில் காலேஜ்காரர்களின் செல்வாக்கைத் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. காலேஜில் ஒவ்வொரு வாரமும் இரட்டையர் ஆடியே ஆக வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த பிரையன் சகோதரர்கள் சேர்ந்து 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார்கள். இலினாயின் ராஜீவ் ராமும் மெம்ஃபிஸின் ஜோ சாலிஸ்பரியும் 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று யூஎஸ் ஓபன். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக 1995-இல் என்சிஏஏ இரட்டையர் பட்டம் வென்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டே வருஷத்தில், 1997 பிரெஞ்சு ஓபனில் ரிகா ஹிராகியோடு கலப்பு இரட்டையர் ஜெயித்து, கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

நான்கு வருஷமும் இருக்க வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. இப்போதெல்லாம் பலர் ஒன்று, இரண்டு வருஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பென் ஷெல்டன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அப்பா பிரையனின் டீமிலேயே ஆடினார். 2022-இல் என்சிஏஏ பட்டம், அதே ஆகஸ்ட்டில் சின்சினாட்டியில் முன்னணி ஆட்டக்காரர் காஸ்பர் ரூடைத் தோற்கடித்தார், படிப்பை ஆன்லைனுக்கு மாற்றிக்கொண்டு டூருக்கு வந்துவிட்டார். அந்த நவம்பரில் சார்லட்ஸ்வில், நாக்ஸ்வில், ஷாம்பெய்ன் என்று அடுத்தடுத்து மூன்று சாலஞ்சர்களை ஜெயித்தார். அந்த மூன்று ஊர்களும் பல்கலைக்கழக ஊர்கள். அதுவரை அமெரிக்காவை விட்டு வெளியே காலடி வைக்காத பையன், 2023 ஜனவரியில் முதல் வெளிநாட்டுப் பயணமாக ஆஸ்திரேலியா போய்க் காலிறுதி வரை ஆடினார். ஆந்திராவின் நெல்லூரைப் பூர்விகமாகக் கொண்ட நிஷேஷ் பசவரெட்டி ஸ்டான்ஃபோர்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, 2025 ஆஸ்திரேலிய ஓபனில் ஜோகோவிச்சிடம் முதல் செட்டையே பறித்தார்.

டூருக்கும் காலேஜுக்கும் நடுவே இப்போது அதிகாரபூர்வமாகவே ஒரு பாலம் இருக்கிறது. 2023-இல் ஏடிபி, காலேஜ் டென்னிஸ் கோச்சுகளின் அமைப்பான ஐடிஏ-வோடு சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. காலேஜ் தரவரிசையில் முதல் 20 பேருக்குள் வருபவர்களுக்கு சாலஞ்சர் போட்டிகளில் இடம் ஒதுக்குவார்கள். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் எம்15 படிகளில் மாதக்கணக்கில் புள்ளி சேர்த்தால்தான் கிடைக்கும் வாசல் அது.

இனி கசப்பான பகுதி, பணம். காலேஜ் ஆட்டக்காரர் அமெச்சூராகவே இருக்க வேண்டும் என்பது என்சிஏஏ-வின் பழைய கொள்கை. அதன்படி காலேஜில் சேரும் முன் ஒரு வருஷத்தில் 10,000 டாலர் வரை பரிசுப்பணம் எடுக்கலாம், அதற்கு மேல் போட்டிக்கு ஆன செலவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. மிச்சத்தை விட்டுவிட வேண்டியிருந்தது. 2024 யூஎஸ் ஓபனில் மாயா ஜாயின்ட் என்ற இளம்பெண் தகுதிச் சுற்றில் இருந்து வந்து இரண்டாம் சுற்று வரை போனார். அதற்கான பரிசு 1,40,000 டாலர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆட ஒப்புக்கொண்டிருந்ததால் அதில் பெரும்பகுதியை அவர் விட வேண்டியிருந்தது. சில மாதங்களில் அவர் முழுநேரத் தொழில்முறைக்கே போய்விட்டார் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ரீஸ் பிரான்ட்மையர் இந்த விதியை எதிர்த்து 2024-இல் வழக்கே போட்டார். இதில் அபத்தம் என்னவென்றால், 2021 ஜூலைக்குப் பிறகு காலேஜ் ஆட்டக்காரர் விளம்பரத்தில் தன் முகத்தைக் காட்டி லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம், அதற்குத் தடை இல்லை. டென்னிஸ் கோர்ட்டில் வியர்வை சிந்தி ஜெயித்த பணத்துக்குத்தான் தடை இருந்தது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ஆண்கள் ஒற்றையரில் காலேஜ் வழி வந்த ஒருவர் கடைசியாக கிராண்ட் ஸ்லாம் வென்றது எப்போது தெரியுமா? 1984 யூஎஸ் ஓபன், மெக்கன்ரோ. அதற்குப் பிறகு ஒருவருமில்லை. அல்கராஸ் 19 வயதில் யூஎஸ் ஓபன் ஜெயித்தார். அந்த ரகத் திறமை உள்ளவனை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் டீம் பயிற்சி கூடாது என்று என்சிஏஏ விதி கட்டிப்போடும் இடத்துக்கு அனுப்புவதில் அர்த்தம் இல்லை. தவிர காலேஜ் சீசன் முழுக்க ஹார்டு கோர்ட்தான், களிமண் தரையில் ஆடும் நுணுக்கத்தை அங்கே கற்க முடியாது. ஜூனியர் நிலையிலேயே டூர்காரர்களை வீழ்த்துபவன் நேராகப் போகட்டும். முதல் 100-க்குள் வரும் வாய்ப்பு உள்ள, ஆனால் இன்னும் முழுசாக வளராத, பையில் பணம் இல்லாத பையனுக்கும் பெண்ணுக்கும்தான் காலேஜ். டூரில் பிழைப்பவர்களில் இந்த இரண்டாவது ரகம்தான் மிகுதி என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது எட்டாத விஷயமும் இல்லை. மதுரையைச் சேர்ந்த தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ், நார்த் கரோலினாவில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் இந்தியாவுக்காக முதன்முதலாக இறங்கி, தரவரிசையில் தன்னைவிட நூற்றுக்கணக்கான இடங்கள் மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்களில் தோற்கடித்தார். இந்தியா அந்த மோதலை 3-1 என்று ஜெயித்தது. அப்போது அவருடைய ஏடிபி தரவரிசை 600-க்கு வெளியே. காலேஜில் ஆடுபவர் வருஷத்தில் பாதி நாள் தரவரிசைப் புள்ளி கிடைக்காத ஆட்டங்களில் இருப்பார், அதனால் அந்த எண் அவருடைய உண்மையான தரத்தைச் சொல்லாது. இது தெரியாமல் எதிரே நிற்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

காலேஜ் கோச்சுகளும் இதே காரணத்தால் ஏடிபி எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஐடிஎஃப் ஜூனியர் தரவரிசையைப் பார்ப்பார்கள், அதைவிட அதிகமாக யுடிஆர் என்ற மதிப்பீட்டைப் பார்ப்பார்கள். யாரோடு ஆடினாய், எத்தனை கேம் வித்தியாசத்தில் ஜெயித்தாய் அல்லது தோற்றாய் என்பதை வைத்து 1 முதல் 16.5 வரை கணக்கிடும் எண் அது. பள்ளி மதிப்பெண்ணும் முக்கியம், பாடத்தில் தேறாதவரை என்சிஏஏ ஆட விடாது. அதனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ‘ஆட்டத்துக்காக’ பள்ளியை விட்டு நிறுத்திவிடும் பெற்றோர் இந்தக் கதவைத் தாங்களே மூடிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே ஆட்ட வீடியோவை எடுத்து, மார்க் ஷீட்டோடு சேர்த்து, பிடித்த பல்கலைக்கழகங்களின் கோச்சுகளுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கலாம். கோச்சுகளின் முகவரி அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு இணையதளத்திலேயே இருக்கும், இடைத்தரகருக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.